பஞ்சில்லாத தொண்டை

மாடிப்படியில் பாதி ஏறியிருந்தபோது மேலே ஒரு பெண் சிரிப்பது கேட்டது. அடக்கப் பார்த்து, முடியாமல், மூச்சு முட்டி நின்று, மறுபடியும் பிய்த்துக்கொண்டு வருகிற சிரிப்பு. யார் வீட்டிலோ என்றுதான் பூபாலன் முதலில் நினைத்தான். அடுத்த படியில் கால் வைத்த பிறகுதான் மாடியில் இருப்பது ஒரே வீடு, அது தான் குடியிருக்கும் வீடு, சிரிப்பது தன் மனைவி சுகந்தி என்பது உறைத்தது. உறைத்ததும் கால் நின்றுவிட்டது. கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. இந்தச் சிரிப்பை அவன் கேட்டதில்லை. அவனுக்குத் தெரிந்த சுகந்தியின் சிரிப்பு உதட்டை மூடிக்கொண்டு மூக்கு வழியாக வருவது. அவன் ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால், சொன்னது வந்து சேர்ந்தது என்று தெரிவிப்பதற்காக வருவது. அவள் அவ்வளவுதான் சிரிப்பாள், அடக்கமான பெண் என்று அவன் நினைத்திருந்தான். நினைத்து உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் பட்டிருந்தான். மேலே சிரிக்கிறவளுக்கோ வாய் நிறையப் பற்கள் இருக்கும் போலிருந்தது. ஈரோட்டில் அந்தப் பக்கம் முழுக்க அன்று பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். கடைகளுக்குப் பில் போடும் சாஃப்ட்வேர் விற்கிற சின்ன அலுவலகம் அவனுடையது. பேட்டரியும் தீர்ந்து திரைகள் ஒவ்வொன்றாக அணைந்ததும், "இனி இங்க மூஞ்சி மூஞ்சியப் பாத்துட்டு உக்காந்து என்னப்பா பண்றது, கெளம்புங்க" என்று மேனேஜர் அனுப்பிவிட்டார். அதனால்தான் வெயில் இறங்காத நேரத்தில் இந்தப் படியில் நிற்கிறான். கரண்ட் இல்லாத வீடு தன்னிடம் இருப்பதையெல்லாம் வெளியே சொல்லிவிடுகிறது. ஃபேன் இரைச்சல் இல்லை, மிக்ஸி இல்லை, கீழே வீட்டுக்காரம்மாவின் டிவி இல்லை. ஒரு டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம்கூடப் படி வரைக்கும் வந்தது. வாசலில் பூப்போட்ட ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. சுகந்தியின் தங்கை யமுனா வந்திருக்கிறாள். சேலத்தில் நர்சிங் படிக்கிறவள், லீவு விட்டால் பஸ் ஏறி நேரே இங்கேதான் வருவாள். அக்காவும் தங்கையும் பேசிச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதானே. ஏறிப் போக வேண்டியதுதானே. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன விஷயம், எனக்கும் சொல்லுங்கள் என்று கேட்டுச் சிரிக்க வேண்டியதுதானே. தனக்கே இப்படிச் சொல்லிக்கொண்டபோதுதான் தொண்டைக்குள் அது ஊர்ந்தது.

அது எப்போதும் வாசல் நெருங்கும்போதுதான் வரும். ரோட்டில் வராது, பஸ்ஸில் வராது, அலுவலகத்தில் ஒரு நாளும் வந்ததில்லை. வீட்டு வாசலுக்குச் சில எட்டு இருக்கும்போது நாக்கின் அடியில் நூல் பிசிறு ஒட்டியதுபோல அரிக்கும். செருமினால்தான் போகும். செருமுவான். முதலில் சின்னதாக ஒன்று. பிறகு ஒரு நிறுத்தம். பிறகு நெஞ்சிலிருந்து, பக்கத்து வீடு வரை கேட்கும்படி பெரிதாக ஒன்று. கதவு திறக்கும். சுகந்தி நிற்பாள். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் முதலில் வைத்துக்கொண்டான். மிளகு, மஞ்சள் பால், வெந்நீர் எல்லாம் பார்த்துவிட்டுக் காது மூக்கு தொண்டை டாக்டரிடமும் போனான். அவர் நாக்கை அழுத்தி, விளக்கடித்து, உள்ளே நெடுநேரம் பார்த்துவிட்டு, "தொண்டை கண்ணாடி மாதிரி இருக்குது. சளி இல்ல, புண்ணு இல்ல. பழக்கமாச் செருமறீங்க. வீட்ல வேற யாருக்காச்சும் இருந்துதா?" என்று கேட்டார். "அப்பாவுக்கு இருந்துது சார். தறி ஓட்டுனவரு." "அப்ப அவருக்குப் பஞ்சு. உங்களுக்கு என்ன?" என்று கேட்டுச் சிரித்தார் டாக்டர். ஏதாவது மாத்திரை எழுதிக் கொடுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். ஒரு புண்ணாவது இருந்திருக்கலாம். ஒரு சின்னக் கட்டி, ஒரு வீக்கம். எதுவானாலும் பரவாயில்லை, தன்னுடையதாக இருந்தால் போதும் என்றிருந்தது. உங்களுக்கு என்ன, உங்களுக்கு என்ன என்று அன்றைக்கெல்லாம் பஸ் சக்கரம் கேட்டுக்கொண்டே வந்தது.

அப்பாவுக்குப் பஞ்சு. பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறையில் பகலும் இரவும் மாறி மாறி நின்றவருக்குப் புருவத்தில் பஞ்சு, காதுமடலில் பஞ்சு, மூக்குத் துவாரத்து மயிரில் பஞ்சு. ஷிஃப்ட் முடிந்து லைன் வீட்டுச் சந்து முனையில் திரும்பும்போதே செருமுவார். சின்னதாக ஒன்று, அது வந்துவிட்டேன் என்பது. நிறுத்தம், அது வீட்டுக்குத் தரப்படும் அவகாசம். அந்த அவகாசத்துக்குள் அம்மா நீட்டியிருந்த காலை மடக்க வேண்டும், பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் பேச்சைப் பாதியில் முறித்துக்கொண்டு கலைய வேண்டும், ரேடியோ குறைய வேண்டும், பூபாலன் புத்தகத்தைப் பிரிக்க வேண்டும். அப்புறம் பெரியது, அது, சரி நுழைகிறேன் என்பது. அம்மாவை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு அவன் கேட்டதில்லை. அந்தச் செருமல்தான் பேர். தண்ணீர் வேண்டுமென்றாலும், சோறு போடு என்றாலும், பேசியது போதும் என்றாலும் அதுதான். அப்பா கை நீட்டி அடித்தவர் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். குடித்துவிட்டு வந்தவரும் இல்லை. எப்போதாவது பன்ரொட்டி வாங்கி வருவார். அம்மா கையில் கொடுக்கக் கூச்சப்பட்டு அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போவார். தங்கமான மனுஷன் என்று லைன் வீடே சொன்னது, அவனும் சொல்கிறான். அப்படியானால் பயப்பட என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத ஒன்றுக்கு அந்த வீடு தினமும் பயந்தது. அம்மாவும் அதே பட்டறையில்தான் தார் போட்டாள், தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் கட்டைகளில் சுற்றுகிற வேலை. அதே காற்று, அதே பஞ்சு. அவள் தொண்டையிலும் ஒட்டியிருக்கும்தானே. ஆனால் அம்மா செருமி அவன் கேட்டதில்லை. இருமல் வந்தால் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் இரண்டும் குலுங்க, சத்தமே இல்லாமல் இருமுவாள். கண்ணில் தண்ணீர் வரும், அதே முந்தானையால் துடைத்துக்கொள்வாள். அம்மா சிரித்து அவன் பார்த்த இடமும் பட்டறைதான். தூக்குப்போசியில் சோறு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறான். எல்லாத் தறிகளும் ஓடுகிற இரைச்சலில் பக்கத்துப் பெண்ணின் காதுக்குள் அம்மா எதையோ கத்த, இரண்டு பேரும் தலையைப் பின்னால் சாய்த்து, தொண்டைக்குழி தெரியச் சிரித்தார்கள். ஒரு துளிச் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. அம்மாவின் சிரிப்பு எப்படி ஒலிக்கும் என்று இன்றைக்கும் தெரியாது. பார்த்திருக்கிறான், கேட்டதில்லை. கேட்காது என்று தெரிந்த இடத்தில்தான் அவள் சிரித்தாள் என்பது, கரண்ட் இல்லாத இந்தப் படிக்கட்டில், கைப்பிடிச் சுவரின் சூடு உள்ளங்கையில் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஏன் இப்போது போய்த் தெரிய வேண்டும்?

கல்யாணத்துக்கு முந்தின வருடம் அப்பா போனார். காரியமெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு ஒரு சாயங்காலம் அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தில் யாரோ ஒருவர் செருமிக்கொண்டு போனார். அம்மாவின் கால் மடங்கியது. கை ரிமோட்டைத் தேடிப் பிடித்துச் சத்தத்தைக் குறைத்தது. பிறகுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்; மாலை போட்ட படத்தை ஒரு பார்வை பார்த்தாள். காலை மறுபடி நீட்டவில்லை, சத்தத்தைக் கூட்டவும் இல்லை. நான் அப்பா மாதிரி இருக்கவே மாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தான். அதற்கு முன்னும் பல தடவை முடிவு செய்திருக்கிறான். கல்லூரியில் ஆண் பெண் சமத்துவம் பற்றிக் கட்டுரைப் போட்டி வைத்தபோது முதல் பரிசு அவனுக்குத்தான். எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தன் தட்டை அப்படியே மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு, பரிசுத் தட்டை முந்தானையால் துடைத்து, "இதுலயே சாப்புடு சாமி, வாங்குன ராசி" என்று சோறு போட்டாள். அவன் உட்கார்ந்து சாப்பிட்டான். சாப்பிட்டுக்கொண்டே கட்டுரையில் எழுதியதை அவளுக்கு விளக்கினான். சமையலறை ஒரு பெண்ணின் சிறை என்ற வரிக்குக் கைதட்டல் கிடைத்ததைச் சொன்னான். நடுவில் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான். அவள் கையில் காய்ந்துபோயிருந்த சோற்றுப் பருக்கை அப்போதும் கண்ணில் பட்டதே, அது எப்படிக் கண்ணில் மட்டும் பட்டது? நிச்சயமான பிறகு போனில் சுகந்தியிடம், "என்னைப் பேர் சொல்லியே கூப்பிடு. நீங்க வாங்க எல்லாம் வேண்டாம்" என்றான். அவளும் ஆசையாகத்தான் கூப்பிட்டாள். பூபாலா என்பாள், சில நேரம் பூபா. கல்யாணமான புதிதில் அம்மா வந்து இருந்துவிட்டுப் போனாள். அந்த நாட்களில் 'பூபாலா' போய் 'ஏனுங்க' வந்தது. அம்மா ஊருக்குப் போன பிறகும் ஏனுங்க போகவில்லை. அவன் கவனித்தான். ஏன் மாற்றிவிட்டாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெரிய பாரத்தை இறக்கி வைத்தது மாதிரி இருந்தது என்பதுதான் நிஜம். இவ்வளவு நாளும் ஒரு பெண் வாயில் தன் பெயர் மொட்டையாக விழும்போதெல்லாம் முதுகில் யாரோ விரலால் குத்தியதுபோல இருந்தது, அது நின்றது. அவளாகத்தானே மாறிக்கொண்டாள், நான் சொல்லவில்லையே. நான் எதையுமே சொல்லவில்லையே. அப்பாவும் எதையும் சொன்னவர் இல்லை.

"ஐயோ அக்கா, வயிறு வலிக்குது, போதும்!" மேலிருந்து யமுனாவின் குரல். "நீதானடி கேட்ட" என்றது சுகந்தியின் குரல். அதுவும் அவனுக்குத் தெரியாத குரல், மேல்கட்டையில் துள்ளுகிற குரல். "அந்த ஜன்னலு கதைய இன்னொருக்கா சொல்லு." "பாத்தரம் கழுவறேன்னு சட்டைக் கைய மடிச்சுட்டு வருவாரா, வந்ததும் மொதல்ல என்ன பண்ணுவாரு சொல்லு பாக்கலாம்? ஜன்னலச் சாத்துவாரு! கீழ வீட்டுக்காரம்மா பாத்துருவாங்களாம். உள்ள வேர்த்து ஊத்தும், தொறக்க மாட்டாரு. எல்லாத்தையுங் கழுவிக் கவுத்துட்டு, ஜன்னலத் தொறந்து உட்டுட்டு, எம் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பாரு." "எதுக்கு?" "மார்க் போடோணுமல்ல!" மறுபடியும் சிரிப்பு. பூபாலனின் காது சூடானது. ஜன்னல். வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லித்தான் சாத்துவான். அவளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தான். அவள் கண்டுபிடித்ததோடு நிற்கவில்லை, முகத்தைப் பார்ப்பதையும் கண்டுபிடித்திருக்கிறாள். ஆமாம், பார்க்கிறான்தான். அலுவலகத்தில்கூடச் சொல்லியிருக்கிறான், வீட்டில் பாத்திரமெல்லாம் நான்தான் என்று. அதைச் சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தழைத்து, பெரிதில்லை என்பதுபோலச் சொல்ல வேண்டும் என்றுகூட ஒரு கணக்கு உண்டு. அவளுக்கு உதவி செய்கிறேன். உதவி. யார் வீட்டு வேலையில் யாருக்கு உதவி? கோபம் வந்தது, கோபம் வந்ததே என்று வெட்கம் வந்தது, வெட்கத்துக்குக் கீழே, நம்பவே முடியாமல், ஒரு சின்னச் சிரிப்பும் எட்டிப் பார்த்தது. மார்க் போடோணுமல்ல! நன்றாகத்தான் சொல்கிறாள். இவ்வளவு வேடிக்கையாகப் பேசுகிறவள் ஒன்றரை வருடமாக என்னோடு இருந்திருக்கிறாள், நான் சந்திக்கவே இல்லை. இப்போதே ஏறிப்போய் அவளைச் சந்தித்துவிட வேண்டும். சிரிப்பு அடங்குவதற்குள், அது சூடாக இருக்கும்போதே. அவன் இன்னும் ஒரு படி ஏறினான்.

"செரி, இப்ப வாசப்படி சீன் பண்ணு" என்றாள் யமுனா. "நான் இங்க நீயாட்டம் உக்காந்துக்கறன். நீ மாமாவாட்டம் வா." "ஐயோ, போடி." "அக்கா, அக்கா, ஒரே ஒருக்கா." யாரோ நடந்தார்கள். கொலுசுச் சத்தம் கதவுப் பக்கம் வந்து நின்றது. மரக்கதவுக்கு அந்தப் பக்கம், சில படி தூரத்தில், ஒரு மூச்சு தயாரானது. பிறகு அப்பா செருமினார். சின்னதாக ஒன்று. நிறுத்தம். அதே நிறுத்தம், கூடவும் இல்லை குறையவும் இல்லை, கால் மடங்கவும் ரேடியோ குறையவும் புத்தகம் பிரியவும் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. பிறகு பெரியது, முடிவில் தொண்டையை இழுத்துப் பூட்டுகிற அந்தக் கொக்கியோடு. பூபாலனின் முதுகு நிமிர்ந்தது. கைகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. கையில் புத்தகம் இல்லையே என்று ஒரு கணம் உண்மையாகவே பதறினான். நடு வெயிலில், வாடகை வீட்டு மாடிப்படியில், இருபத்தேழு வயது ஆம்பளைக்குப் பிடரி மயிர் நட்டுக்கொண்டது. உள்ளே யமுனா கீச்சென்று கத்திச் சிரித்துச் சோபாவில் புரண்டாள். "அப்படியே மாமா! அப்படியே!" அப்படியே மாமா இல்லை, அது என் அப்பா, என்று அவன் சொல்ல நினைத்தான். சுகந்தி அவரைப் பார்த்ததே இல்லை. அவள் இந்த வீட்டுக்கு வரும்போது அவர் படமாகியிருந்தார், படம் செருமாது. அவர் குரல் எந்தப் போனிலும் இல்லை. அப்படியானால் அந்த நிறுத்தத்தை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அந்தக் கொக்கியை? தினம் சாயங்காலம் வாசலுக்கு வெளியே நின்று யார் பாடம் நடத்தியது? செத்தவர் எங்கேயோ போய்விட்டார் என்று நினைத்திருந்தான். அவர் எங்கேயும் போகவில்லை, ஒரு தொண்டையைக் காலி செய்து இன்னொன்றில் குடிவந்திருக்கிறார். பஞ்சுகூட வேண்டியிருக்கவில்லை அவருக்கு. தூசி படாத, டிகிரி வாங்கிய, கண்ணாடி மாதிரித் தொண்டை. இனி இங்கிருந்து எங்கே போவார்? இன்னும் எங்கெல்லாம் இருக்கிறார்? நான் சோற்றுக்கு முன்னால் உட்காருகிற உட்காரலில் இருக்கிறாரா? துண்டு எங்கே என்று குளியலறையிலிருந்து கேட்கிற கேள்வியில்? அவள் போனில் பேசும்போது நான் சும்மா, ஒன்றுமே சொல்லாமல், பக்கத்தில் போய் நிற்கிறேனே, அதில்? "அப்பறம் பேசறன்" என்று அவள் வைத்துவிடுவாள். எனக்காக வைத்தாள், என் மேல் அவ்வளவு பிரியம் என்று அன்றெல்லாம் சந்தோஷமாக இருந்ததே.

எப்படி உள்ளே போவது? தொண்டை அரித்துக்கொண்டே இருந்தது. எச்சிலை விழுங்கினான், மறுபடி விழுங்கினான். செருமக் கூடாது, செத்தாலும் கூடாது. பெல் அடிக்கலாம், கரண்ட் இல்லை. கதவைத் தட்டலாம், தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவனைப் பார்த்து யார்தான் பயப்பட மாட்டார்கள். இறங்கிப்போய்த் திரும்பவும் செருப்பை அறைந்துகொண்டு ஏறி வரலாம். அது வேறு விதமான செருமல், அவ்வளவுதான். சுகந்தி என்று கூப்பிடலாம். அப்பா செய்யாதது அது. அன்பாக, சாதாரணமாக, கீழ்ப்படியிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு போகலாம். மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தான். அந்தப் பெயர் எவ்வளவு அன்பாகப் போய் விழுந்தாலும் விழுந்த நொடியில் உள்ளே சிரிப்பு நிற்கிற சத்தம் அவனுக்குக் கேட்டது. அப்படியே பூனை மாதிரிப் போய்க் கதவைத் தள்ளலாமா? அலறிவிடுவார்கள். எந்தப் பக்கம் போனாலும் அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. வந்தது அவன் என்று தெரிந்தால் அந்தச் சிரிப்பு இருக்காது. அவன் இல்லாத இடத்தில்தான் அது உயிரோடு இருக்கும். அதைக் கேட்க வேண்டுமென்றால் இப்படித் திருடனாட்டம் வெளியே நிற்க வேண்டும். உள்ளே போக வேண்டுமென்றால் கேட்க முடியாது. இரண்டும் வேண்டும் அவனுக்கு. உள்ளே இருக்க வேண்டும், அவளும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மனிதன் தன் வீட்டில் கேட்கக்கூடாத பெரிய விஷயமா இது? ஆனால் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் இந்தப் படியில் வைத்தே நினைத்துவிட்டால் நல்லது. கதவு திறக்கும்போது வீடு அமைதியாகிற அந்த நொடி இருக்கிறதே, பேச்சு நின்று, எல்லாம் அவன் பக்கம் திரும்பி, அவனுக்காகக் காத்திருக்கிற நொடி, அது அவனுக்குப் பிடித்திருந்தது. ஊரில் யாரும் மதிக்காத ஒரு மனிதனுக்கு, முதலாளியிடம் நாளெல்லாம் தலையைக் குனிந்துவிட்டு வருகிறவனுக்கு, அது இனித்திருக்கும். அப்பாவுக்கு இனித்தது. மேனேஜரின் ஏச்சைக் கேட்டுவிட்டு வருகிற நாட்களில் செருமல் இன்னும் கொஞ்சம் கனமாக விழுகிறது என்பதை அவன் தொண்டைதான் அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்ததா?

"ஏந்தம்பி, வெளியிலயே நின்னுட்டிருக்கறீங்க? கதவு பூட்டியிருக்குதா?" வீட்டுக்காரம்மா கீழே படியடியில் முறத்தோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாவின் குரல் தெருமுனை வரைக்கும் போகும். "சுகந்தி உள்ளதான இருக்குது, இத்தன நேரம் ரெண்டும் சிரிச்சுச் சிரிச்சு வீட்டையே தூக்கி வெச்சுட்டிருந்துதுங்களே! சுகந்தீ, தம்பி வந்து படியிலயே நிக்கிறாரு பாரு!" மேலே சிரிப்பு அறுந்தது. மெல்லக் குறையவில்லை, கரண்ட் போன மாதிரி அறுந்தது. பிறகு வேகமான காலடிகள், எதையோ தட்டி மடிக்கும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், "ஷால எடு, ஷால எடு" என்ற கிசுகிசுப்பு. கதவு திறந்தது. துடைத்து வைத்த அடுப்பு மேடையாட்டம் இருந்தது சுகந்தியின் முகம். கண்ணோரத்தில் மட்டும் சிரித்த ஈரம் கொஞ்சம் பாக்கி இருந்தது. அதையும் தோளில் ஒற்றிக்கொண்டாள். "வந்துட்டீங்களா? கரண்ட் இல்லைன்னு சீக்கரம் உட்டுட்டாங்களா?" "ஆமா" என்றான். "வாங்க மாமா" என்று யமுனா எழுந்தாள். "உக்காரு, உக்காரு" என்றான். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். சுகந்தி தண்ணீர் கொண்டு வந்தாள். குடித்தான். அரிப்பு போகவில்லை. கூடத்தில் அவர்கள் சிரித்த வெதுவெதுப்பு இன்னும் மிச்சமிருந்தது, எழுந்துபோனவர் உட்கார்ந்திருந்த இடம் மாதிரி. இப்போது சொல்லிவிட வேண்டும், ஆறிப்போவதற்குள்.

"என்ன, ஒரே சிரிப்பு?" என்றான்.

"ஒன்னுமில்லீங்க. அவ காலேஜ்ல ஏதோ."

"கேட்டுட்டுதான் நின்னேன்."

சுகந்தி டம்ளரை வாங்க நீட்டிய கை பாதியில் நின்றது. "எவ்ளோ நேரமா?"

"கொஞ்ச நேரமா. ஜன்னல், அப்பறம் வாசப்படி, எல்லாம்."

"மாமா, நாந்தான் பண்ணச் சொன்னேன், சும்மா வெளையாட்டுக்கு" என்றாள் யமுனா. "அக்கா மாட்டேன்னுதான் சொன்னா."

"அட, எனக்குக் கோவமெல்லாம் இல்ல" என்றான் பூபாலன். உண்மையாகவே கோபம் இல்லை. நீ செய்ததைக் கேட்டு எனக்கு உடம்பே நடுங்கிவிட்டது, அது யார் என்று உனக்குத் தெரியுமா, அது நான் இல்லை, நான்தான், எனக்குப் பயமாக இருக்கிறது, நீங்கள் சிரித்த இடத்தில் என்னையும் கொஞ்சம் உட்கார வையுங்கள் என்றெல்லாம் சொல்ல வாயைத் திறந்தான். "இன்னொருக்கா பண்ணு" என்பதுதான் வந்தது.

"வேண்டாங்க."

"நல்லாத்தான் பண்ணுன. பண்ணு, பாக்கறேன்."

பாக்கறேன். சொன்ன பிறகு அந்தச் சொல் கூடத்தின் நடுவில் நிற்பது அவனுக்கும் தெரிந்தது. தான் புன்னகைத்துக்கொண்டிருப்பதாக அவன் நம்பினான். முகத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள முடியாது. சுகந்தி தங்கையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். ஒப்பிக்கச் சொன்ன பிள்ளை மாதிரிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து, செருமினாள். சளி பிடித்தவர்கள் க்கும்மென்று ஒரு தடவை கனைப்பார்களே, அது. நிறுத்தம் இல்லை, கொக்கி இல்லை. யாருடைய செருமலும் இல்லை. வேண்டுமென்றே தப்பாகச் செய்கிறாள் என்பது அவனுக்குப் புரிந்தது. சற்று முன் கதவுக்குப் பின்னால் இருந்தவள், வாய் நிறையப் பற்கள் உள்ளவள், அவனுக்குத் தரமாட்டேன் என்று தன்னை எடுத்து எங்கோ ஒளித்துவைத்துவிட்டாள்.

"இப்படியில்லையே" என்றான். குரலை எவ்வளவு லேசாக்க முடியுமோ அவ்வளவு லேசாக்கினான். ஒரே வழிதான் இருந்தது, நானே செய்து காட்டிவிடுவது. அவர்கள் முன்னால் நானே என்னைக் கேலி செய்துவிட்டால் சிரிப்பு தானாக வரும், மூன்று பேரும் சேர்ந்து சிரிப்போம், அதோடு இது இந்த வீட்டை விட்டுப் போய்விடும். "இதா, நான் பண்றேன் பாருங்க" என்று வாசற்படிக்குப் போய்த் திரும்பி நின்றான். சின்னதாக ஒன்று செருமினான். நிறுத்தத்தில் இரண்டு பேர் முகத்தையும் ஆசையாகப் பார்த்தான். சிரியுங்கள், இப்போது சிரியுங்கள். பிறகு பெரியது, நெஞ்சின் அடியிலிருந்து, அவன் அதுவரை செருமியதிலேயே மிகச் சரியாக வந்தது.

உட்கார்ந்திருந்த யமுனா எழுந்து நின்றாள்.